தறிச்சுவருக்கு இந்தப் பக்கம்

ஜூன் 8, ஞாயிறு

சேலம் அம்மாபேட்டையில் வீடு வாங்கிவிட்டு விசைத்தறிச் சத்தம் என்று குறை சொன்னால் ஊரே சிரிக்கும். எனக்குப் பழகிவிட்டது. என் வீட்டுக்காரருக்குத்தான் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துவிட்டுக் காலையில் வந்து படுக்கிறார். அவர் கண்ணை மூடும் நேரத்தில்தான் பக்கத்து வீட்டு அண்ணன் சுவிட்சைப் போடுகிறார். நான்கு தறி.

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளை எடுத்துப் படித்தேன். குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. எங்கள் வீட்டில் இரவு காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது, அதற்கு எந்த விதியும் இல்லை. இருந்தாலும் நான் புகார் கொடுக்கப் போவதில்லை. அந்தத் தறிகளில்தான் அங்கே இரண்டு பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ் ஓடுகிறது.

ஜூன் 11, புதன்

இன்டீரியர் வேலை செய்கிறவர் வந்தார். சுவர் முழுக்க ஃபோம் ஒட்டினால் சத்தமே கேட்காதாம். முட்டை அட்டை ஒட்டச் சொன்ன சித்தப்பாவாவது காசு கேட்கவில்லை! ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் அதற்காகத்தான் ஒட்டுகிறார்கள். அடுத்த வீட்டுச் சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும். எடை இல்லாத பொருள் காற்று மாதிரிதான், சத்தம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

ஜிப்சம் போர்டு, நடுவில் ராக்வுல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) என்று இன்னொரு யோசனையும் சொன்னார். அது உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் புது ஃபிரேம் பழைய சுவரைத் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டால் அதிர்வு அப்படியே கடந்து வந்துவிடும். அறையில் நாலு அங்குலமும் போய்விடும். யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று ஒரு கணக்கு. அண்ணனிடம் கேட்டுக்கொண்டு தறிக் கொட்டகைக்குள் டெசிபல் ஆப்பைப் போட்டுப் போனை நீட்டிப் பார்த்தேன். 95 காட்டியது. போன் ஆப் துல்லியம் கிடையாது, ஆனால் ஒரே போனில் இரண்டு இடத்தை ஒப்பிடலாம். பொதுச்சுவர் பழைய 9 அங்குலச் செங்கல், இரண்டு பக்கமும் பூச்சு. அப்படிப்பட்ட சுவர் சுமார் 50 டெசிபல் தடுக்கும். அப்படியென்றால் எங்கள் படுக்கையறையில் 45தான் இருக்க வேண்டும். இருப்பதோ 60.

ஆக, சுவர் தன் வேலையைச் செய்கிறது. சத்தம் வேறு வழியில் வருகிறது. அதை விட்டுவிட்டு இந்தச் சுவரையே இரட்டிப்புக் கனமாக்கினாலும் கூடுதலாக 5, 6 டெசிபல்தான் கிடைக்கும்.

வீட்டுக்காரர் தன் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வந்தார். தூக்கம் போன எரிச்சலில் இருந்தவர், கொஞ்ச நேரத்தில் வார்டு ரவுண்ட்ஸ் போல ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்க ஆரம்பித்தார். சுவரின் நடுவில் லேசாகத்தான் கேட்டது. தரையில் வைத்தால் தொம் தொம் என்று அடி. பீரோவில் வைத்தவர் காதிலிருந்து பிடுங்கிவிட்டார். சுவரோடு ஒட்டி நின்ற அந்தத் தகர பீரோதான் அறையின் ஸ்பீக்கர். கடைசியாகக் கொல்லைப்பக்க வெண்டிலேட்டர். அதற்கு ஸ்டெதஸ்கோப்பே தேவைப்படவில்லை.

100 சதுர அடிச் சுவரில் 1 சதுர அடி ஓட்டை இருந்தால், மீதிச் சுவர் கோட்டை மதிலாக இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபல்தான் தடுக்கும். எங்கள் வெண்டிலேட்டர் அதைவிடப் பெரியது.

பீரோவை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினோம். கட்டிலையும் சுவரிலிருந்து தள்ளிப் போட்டாயிற்று. செலவு இல்லை. தலைமாட்டில் இருந்த ரீங்காரம் போய்விட்டது.

ஜூன் 28, சனி

வெண்டிலேட்டரை அடைத்துவிடலாம், ஆனால் சேலத்து வெயிலுக்கு அறை வெந்துவிடும். ஆசாரி ஒரு மரப்பெட்டி செய்து பொருத்தியிருக்கிறார். உள்ளே ராக்வுல், அதன்மேல் துணி. காற்று வளைந்து வளைந்து உள்ளே வரும், சத்தம் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் தேய்ந்து போகும். கொல்லைக் கதவின் நாலு ஓரத்துக்கும் ரப்பர் பட்டை, அடியில் பிரஷ் பட்டை. 60 இப்போது 54.

ஆனால் தரையில் வரும் அந்த அடி அப்படியே இருக்கிறது. பெட்டி, பட்டை எதுவும் அதைத் தொடாது.

ஜூலை 9, புதன்

அண்ணனிடம் பேசினேன். அவருடையது நாடாத் தறி. குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டைதான் நாடா. ஒவ்வொரு ஊடைக்கும், அதாவது குறுக்கு நூலுக்கும், நாடாவை ஒரு பக்கம் அடித்துத் தள்ள வேண்டும், மறுபக்கம் பெட்டியில் அது மோதி நிற்க வேண்டும். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல். அந்த அடி தறியின் கால் வழியாக சிமென்ட் தரைக்கு இறங்கி, இரண்டு வீட்டுக்கும் பொதுவான அஸ்திவாரம் வழியாக எங்கள் கட்டிலுக்கு வருகிறது.

"தறிக்கு அடியில ரப்பர் போடலாமாண்ணா?"

"தறி ஆடுச்சுன்னா நூல் அறுந்துக்கும்மா. அப்புறம் நான் சும்மா உக்காந்திருக்கணும்."

நியாயமான பயம். ரப்பர் ரொம்ப மெத்தென்று இருந்தால் அப்படித்தான் ஆகும். அண்ணன் வீட்டு அக்காதான் நடுவில் வந்தார். "ஒரு தறிக்குப் போட்டுப் பாருங்களேன், ராத்திரி பூரா வார்டுல நிக்கிற மனுஷன்." பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) தீர்ந்து, புதுப் பாவு பிணைப்பதற்குள் ஒரு தறிக்குச் செய்து பார்க்கலாம் என்று முடிவு. பழைய இரும்புக் கடையில் கன்வேயர் பெல்ட் துண்டுகள் வாங்கி வந்தேன். தடிப்பானது, அவ்வளவாக நசுங்காது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டு தறிக்கு முடிந்தது. ஃபிட்டர் மட்டம் பார்த்து வைத்துவிட்டுப் போனார். நூல் அறவில்லை. ஆப்பில் 54 இருந்தது 52 ஆனது, அவ்வளவுதான். ஆனால் தரையில் வைத்த தண்ணீர் டம்ளரில் அலை பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. இந்த ஆப்கள் மனிதக் காதை ஒட்டி அளப்பதால் அடித்தொனியைக் குறைத்தே கணக்கில் எடுக்கும். உடம்புக்குத் தெரிகிற வித்தியாசம் அதில் வராது. வீட்டுக்காரர் நேற்று மதியம் இரண்டு மணி வரை தூங்கினார்.

ஊரெல்லாம் ஆடிப் பண்டிகை. தெருமுனையில் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள். அதற்கு ஆசாரி பெட்டியும் இல்லை, பெல்ட் துண்டும் இல்லை. இன்று முதல் வீட்டுக்காரர் தன் அம்மா வீட்டில், ஏற்காட்டில் தூங்குகிறார்.

மூன்றாவது தறியில் பாவு முடிய இன்னும் பத்து நாள் ஆகுமாம். ரப்பருக்குப் பாதிக் காசு தருகிறேன் என்று அண்ணன் பிடிவாதம் பிடிக்கிறார். அவர் வீட்டுப் பூச்சும் உதிராமல் நிற்கிறதாம். வாங்கிக்கொண்டேன்.