கறுப்பியக் கண்டிக்குக் கொண்டு போன கதை

போன வருசம் கண்டிக்கு இடமாற்றம் வந்தப்போ வீடு தேடுறதவிட எனக்குப் பெரிய யோசனை எங்கட பூனை கறுப்பிதான். முந்தி ஒருக்கா தம்புள்ளையில அக்கா வீட்டுக்குக் கொண்டு போக வெளிக்கிட்டு, தம்பலகாமம் சந்தி தாண்ட முதலே வீணி ஒழுகி நெஞ்செல்லாம் நனைஞ்சு, கந்தளாய் போகேக்க சத்தியும் எடுத்து கூடைக்குள்ளயே வயித்தாலயும் போய், பாவம், திரும்ப திருகோணமலை உவர்மலையில இருக்கிற எங்கட வீட்டுக்கே கொண்டு வந்திட்டம். பயத்திலதான் கத்துறா எண்டு நினைச்சிருந்தன்.

மிருக வைத்தியர்தான் விளங்கப்படுத்தினார். காதுக்குள்ள சமநிலையப் பார்க்கிற பகுதிக்கு ஆட்டம் தெரியுதாம், கூடைக்குள்ள கண்ணுக்கு ஒண்டும் அசையிறமாதிரித் தெரியேல்ல, அதாலதான் குமட்டுறது, வீணி வடியிறது அதுக்கு அடையாளம். ஒருக்கா அனுபவிச்சிட்டா பிறகு கூடையக் கண்டாலே பயமும் சேர்ந்திடும்.

அதால கூடையில இருந்தே தொடங்கினம். கதவக் கழட்டி, இவற்ற பழைய சாரத்த விரிச்சு, ஹோலுக்க ஒரு மாசம் வச்சன், சூடை மீன் அதுக்குள்ளதான். மூண்டு நாள் எட்டியும் பார்க்கேல்ல, ரெண்டாம் கிழமை அதுக்குள்ளயே நித்திரை. பிறகு கார், முதல்ல எஞ்சின் போடாம அஞ்சு நிமிசம், பிறகு எஞ்சினப் போட்டு, பிறகு உப்புவெளி வரைக்கும், பிறகு நிலாவெளி. நிலாவெளியில வீணி வந்திச்சு, உடன திரும்ப உப்புவெளியோட நாலு நாள் நிண்டம். இதில அவசரப்பட்டா பட்ட பாடெல்லாம் வீண்.

வைத்தியர் நிறை பார்த்து, சத்தி வராம இருக்க மரோபிட்டன்ட் எண்ட குளிசை தந்தார். தயவுசெய்து மனுசருக்கான குளிசையப் பாதியா உடைச்சுக் குடுத்திடாதேங்கோ, பரசிட்டமோல் பூனையக் கொண்டே போடும்.

கண்டிக்குப் போறதுக்கு முதல் நாள் ராத்திரியோட சாப்பாட்ட நிப்பாட்டி தண்ணி மட்டும் குடுத்து, வெயிலுக்கு முதல் விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டம். கூடைய முன் சீட்டுக்குப் பின்னால கீழ இறுக்கி வச்சு துவாயால மூண்டு பக்கமும் மூடினன், காத்துப் போற பக்கத்த விட்டு. காருக்க தொங்கின வாசனைப் போத்திலயும் கழட்டிட்டன், அந்த மணம் எனக்கே பிரட்டும். இவர் பிரேக்க மெல்லமாத்தான் அடிச்சார். ஹபரணை வரைக்கும் நல்ல நித்திரை. நாவுல தாண்டி மாத்தளை வளைவுகளிலதான் உதட்ட நக்கத் தொடங்கினா, அது குமட்டுறதுக்கு அறிகுறி, ஓரமா நிப்பாட்டி கால் மணித்தியாலம் சும்மா இருந்தம். கூடையத் திறக்கேல்ல, வெருண்டு ரோட்டில பாய்ஞ்சா எங்க தேடுறது?

கண்டி போய்ச் சேரேக்க நாடி மட்டும் கொஞ்சம் ஈரம், சத்தி இல்ல, எனக்கு அழுகையே வந்திட்டு. பகல் முழுக்கக் கட்டிலுக்குக் கீழ கிடந்தா. ராத்திரி எட்டு மணிக்குத்தான் வெளிய வந்து மீன் கேட்டா.