குக்கின் நாட்குறிப்பில் துபையாவைத் தேடிப் படித்த அனுபவம்

எம்.ஏ. வரலாறு கடைசிப் பருவத்துக்குக் குறு ஆய்வேடு ஒன்று எழுத வேண்டியிருந்தது. பசிபிக் கடலுக்கு வந்த ஐரோப்பியக் கப்பல்களில் பாலினேசியக் கடலோடிகள் இடையாளாக நின்ற வரலாற்றை எடுத்தேன், அதிலும் பிரிட்டிஷ் கப்பல்தலைவர் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பலில் போன துபையா என்ற ஒரே மனிதரை. இதே பக்கம் வர நினைப்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் வரைவைத் திருப்பிக் கொடுத்தபோது என் வழிகாட்டி பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். என்னவென்று பார்த்தால், குக் வரும் இடமெல்லாம் "அவர்" என்று எழுதியிருக்கிறேன், துபையா வரும் இடமெல்லாம் "அவன்". அதோடு "அழைத்துச் செல்லப்பட்டான்", "பயன்படுத்தப்பட்டான்" என்று அவரைச் சரக்கு மூட்டை மாதிரி ஆக்கியிருந்தேன். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஆங்கிலத்தில் படிக்கும்போது இது கண்ணில் படாது, தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் யாரை எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பது வினைமுற்றிலேயே தெரிந்துவிடும். அதனால் தமிழில் எழுதுபவர்கள் இதை முதலில் சரிபாருங்கள்.

துபையா யார் என்பதைக் கப்பலில் ஏறுவதற்கு முன்னாலிருந்தே படிக்க வேண்டும். 1725 வாக்கில் ராயாத்தேயா தீவில் பிறந்தவர். தபுதபுவாத்தேயா என்ற பெரிய மராய், அதாவது வழிபாட்டு வெளி, அங்கேதான் இருக்கிறது. ஆரியோய் என்ற சமயக் குழுவைச் சேர்ந்த பூசகர், வழிகாணும் கலையில் தேர்ந்தவர். பக்கத்துத் தீவான போராபோராவின் வீரர்கள் ராயாத்தேயாவைப் பிடித்தபோது நிலத்தை இழந்து தஹித்திக்கு வந்து, புரேயா என்ற தலைவிக்கு ஆலோசகர் ஆனார். 1767இல் பிரிட்டிஷ் கப்பல்தலைவர் வாலிஸின் டால்ஃபின் கப்பல் வந்தபோதே ஐரோப்பியரைப் பார்த்துவிட்டார். ஆக 1769 ஜூலையில் எண்டெவரில் ஏறியவர் கப்பலைக் கண்டு மலைத்துப்போன தீவுவாசி அல்ல, அரசியல் தெரிந்த, தோற்ற கட்சியில் நின்ற, நாற்பது வயது தாண்டிய மனிதர். வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "அவர் ஏன் போனார்?" என்பதுதான். போராபோராவை நோக்கி ஒரு பீரங்கிக் குண்டு சுடும்படி அவர் கேட்டதை, அதே கப்பலில் போன இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸின் நாட்குறிப்பிலிருந்து எடுத்துச் சொன்னேன். மேலே விளக்கம் கேட்கவில்லை.

சரி, எப்படிப் படிப்பது? எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு கேள்வி. கப்பல் கரையைத் தொடும் ஒவ்வொரு நாளிலும் "இன்றைக்கு இவர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள்?" என்று கேட்டேன். குக், பேங்க்ஸ் இருவரின் நாட்குறிப்புகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் யார் வாயால் பேச்சு நடந்தது என்று எழுதிக்கொண்டே வந்தேன். பெயரை "துபியா" என்பதுபோல எழுதியிருப்பார்கள், தேடும்போது கவனம். இன்னொன்று, குக் கப்பல் கணக்கில் நாளை நண்பகலில் தொடங்குகிறார், பேங்க்ஸ் நம்மைப்போல நள்ளிரவில். இதனால் பிற்பகலில் நடந்த ஒரே சம்பவம் இருவரிடமும் ஒரு நாள் தள்ளி நிற்கும். இது தெரியாமல் நான் ஒரு வாரம் வீணாக்கினேன்.

இந்த முறையில் படித்தால் நியூசிலாந்துப் பகுதி அப்படியே திறந்துகொள்ளும். 1769 அக்டோபரில் டூரங்கனுயியில் முதல் நாள் கரையிறங்கியபோது துபையா கூட இல்லை. அன்று தே மாரோ என்ற மாவோரி, அதாவது அந்நாட்டுப் பூர்வகுடி ஒருவர், சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் காலை ஆற்றுக்கு இக்கரையில் நின்று துபையா தன் மொழியில் பேச, அக்கரையில் நின்றவர்களுக்குப் புரிந்தது. மாவோரியின் முன்னோர் கிழக்குப் பாலினேசியாவிலிருந்து போனவர்கள்தான், பல நூற்றாண்டு கடந்தும் மொழி அவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கிறது. ஆனால் இதோடு நிறுத்திவிட்டு "துபையா வந்தார், அமைதி வந்தது" என்று எழுதிவிடாதீர்கள். அதே நாளில் தே ராக்காவ் என்பவர் வாள் ஒன்றைப் பறித்ததற்காகச் சுடப்பட்டார், அப்புறம் படகில் இருந்த மீனவர்கள் மீதும் சுட்டார்கள். பேச்சு புரிந்தும் துப்பாக்கி ஓயவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஊவாவா என்ற இடத்தில்தான் துபையா அங்குள்ள பூசகர்களோடு உட்கார்ந்து முன்னோரைப் பற்றியும் தெய்வங்களைப் பற்றியும் பேசுகிறார். அங்கே அவர் மொழிபெயர்ப்பாளர் இல்லை, விருந்தாளி, அறிஞர். 1773இல் குக் திரும்ப வந்தபோது மாவோரிகள் துபையாவைக் கேட்டார்கள்.

ஒப்பீட்டுக்கு 1770 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கரையில் நின்றவர்கள் பேசியது துபையாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் வைத்து எழுதிய பத்தியைத்தான் என் ஆய்வேட்டில் நல்ல பகுதி என்று சொன்னார்கள்.

வரைபடத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். துபையாவோடு சேர்ந்து தயாரான அந்தப் படத்தில் 74 தீவுகள் இருக்கின்றன. மூலம் இல்லை, பேங்க்ஸின் தாள்களில் இருந்த பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. வடக்கு மேலே என்று வைத்துப் பார்த்தால் பல தீவுகள் தப்பான இடத்தில் இருப்பதுபோலத் தோன்றும், அதை வைத்து நெடுங்காலம் அவருக்கு அறிவு போதாது என்றே சொல்லி வந்தார்கள். போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தின் லார்ஸ் எக்ஸ்டைனும் அன்யா ஷ்வார்ட்ஸும் நடுவில் எழுதியிருக்கும் "அவாதேயா" என்ற சொல்லைப் பிடித்தார்கள். தஹித்தி மொழியில் நண்பகல் என்று பொருள். நண்பகல் சூரியன் நிற்கும் வடதிசையை அடையாளமாக வைத்து, படகு எந்தத் தீவில் இருக்கிறதோ அங்கிருந்து அடுத்த தீவின் திசையைப் படிக்க வேண்டும் என்பது அவர்கள் வாசிப்பு. பறவை பார்ப்பதுபோல மேலிருந்து பார்க்கும் படம் அல்ல, படகில் உட்கார்ந்து போகிறவனின் படம். எனக்கு இது புரிந்த இரவு தூக்கமே வரவில்லை. எல்லோரும் இதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று மட்டும் தேர்வில் எழுத வேண்டாம், ஒரு வாசிப்பு என்று எழுதுங்கள்.

அவரைக் குறிக்க எந்தச் சொல்லைப் போடுவது என்று ரொம்ப யோசித்தேன். "துபாசி", அதாவது இரு மொழி தெரிந்த இடையாள், கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் புதுச்சேரியில் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் கையால் நாட்குறிப்பு எழுதி வைத்தார், துபையாவுக்கு அப்படி ஒன்று இல்லை. அவர் கையால் மிஞ்சியவை ஓவியங்கள். பேங்க்ஸ் போன்ற ஒருவரும் மாவோரி ஒருவரும் கடல் நண்டையும் துணியையும் மாற்றிக்கொள்ளும் படம் யார் வரைந்தது என்று தெரியாமலே இருந்து, 1812இல் பேங்க்ஸ் எழுதிய கடிதம் கிடைத்த பிறகு, 1997இல்தான் துபையா வரைந்தது என்று தெரியவந்தது. இரண்டு பேரும் பொருளை விடாமல் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பாருங்கள். இரு பக்கத்தையும் நடுவில் நின்று பார்த்தவர் வரைந்தது அது.

1770 டிசம்பரில் துபையா பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நோயில் இறந்தார், கூடப் போன சிறுவன் தையாத்தாவும் அதற்குச் சில நாள் முன்னால் இறந்துவிட்டான். குக் அவரைக் கூர்மையான அறிவாளி என்றும், கர்வமும் பிடிவாதமும் உள்ளவர் என்றும் ஒரே மூச்சில் எழுதுகிறார். அந்த வரியை அப்படியே மேற்கோளாக வைத்து நகர்ந்துவிடாமல், கர்வம் என்று யார் யாரைச் சொல்கிறார் என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

தொடங்குவதற்கு இடம் தேடுபவர்கள் பேங்க்ஸின் நாட்குறிப்பில் 1769 ஜூலை 12ஐத் திறந்து பாருங்கள். துபையா கப்பலுக்கு வரும் நாள். அண்டை வீட்டார் சிங்கம் புலி வைத்திருப்பதுபோல இவரை ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பேங்க்ஸ் எழுதியிருப்பார். அதைப் படித்துவிட்டு, மூன்று மாதம் தள்ளி அக்டோபருக்குப் போங்கள்.