பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே பெட்டி

2025 அக்டோபரில் எங்கள் வீட்டுக் கணினிக்கு மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை), புராசசர் (கணக்கிடும் மூளை), ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) மூன்றையும் ஒரே நாளில் மாற்றினோம். அவற்றைத் தாங்கி நிற்பதோ 2013 தீபாவளி முடிந்த வாரத்தில் புதுச்சேரியில் வாங்கி, பேருந்தில் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்துக்குக் கொண்டுவந்த அதே இரும்புப் பெட்டிதான். இத்தனை ஆண்டுகளில் அதற்குள் எதை, எப்போது, என்ன காரணத்துக்காக மாற்றினேன் என்பதை ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் கணக்கு டியூஷன் எடுப்பதால், “டீச்சர், கம்ப்யூட்டரை எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும்?” என்று பெற்றோர்கள் என்னிடம் கேட்பதுண்டு. மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று ஒரே எண்ணை அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பெட்டி ஒன்றுதான் என்றாலும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஆயுள் வேறு. அதை மாற்றுவதற்கான காரணமும் வேறு.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற பேச்சு கடைக்காரர்கள் கட்டிவிட்டது அல்ல. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. 1993இல் வந்த முதல் பென்டியம் புராசசர்கள் 60, 66 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், அதாவது நொடிக்கு ஆறு கோடித் துடிப்புக்குக் குறையாமல் ஓடின. 2000இல் பென்டியம் 3 ஒரு கிகாஹெர்ட்ஸை, அதாவது 1,000 மெகாஹெர்ட்ஸைத் தொட்டது. 2004இல் பென்டியம் 4 புராசசர் 3.4 கிகாஹெர்ட்ஸில் கிடைத்தது. பதினோரு ஆண்டுகளில் ஐம்பது மடங்கு என்றால், மூன்று வயதான கணினி பழையதாகிப் போவதில் வியப்பில்லை. அதற்குப் பிறகு அந்த ஏற்றம் நின்றுவிட்டது. டிரான்சிஸ்டர்கள் சிறிதாகிக்கொண்டே வந்தாலும் அவற்றுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை அதே அளவில் குறைக்க முடியாமல் போனதால், வேகத்தைக் கூட்டினால் வெப்பம் தாங்காது என்ற நிலை வந்தது. நிறுவனங்கள் வேகத்தை விட்டுவிட்டுக் ஒரே புராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களின் எண்ணிக்கையைப் பெருக்கத் தொடங்கின. 2013இல் நான் வாங்கிய இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ3 புராசசரின் வேகமும் அதே 3.4 கிகாஹெர்ட்ஸ்தான். இப்போது போட்டிருக்கும் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3யின் அடிப்படை வேகம் 3.3, தேவைப்படும்போது 4.3 வரை ஏறும். எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றுமே மாறாதது போலத் தோன்றும். ஆனால் கோர்கள் இரண்டிலிருந்து நான்காகியிருக்கின்றன, ஒவ்வொரு துடிப்பிலும் முடிக்கும் வேலையும் கூடியிருக்கிறது. ஆகவே விளம்பரத்தில் இருக்கும் கிகாஹெர்ட்ஸை வைத்துக்கொண்டு கணினி பழையதா புதியதா என்று தீர்மானிக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

என் நோட்டில் முதல் பெரிய பதிவு 2018ஆம் ஆண்டுடையது. அது மாற்றியதன் பதிவு என்பதைவிட, இழந்ததன் பதிவு என்றே சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களாகப் பெட்டிக்குள்ளிருந்து அவ்வப்போது ‘டக், டக்’ என்று ஓர் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. மின்விசிறியில் ஏதோ இடிக்கிறது என்று நினைத்து நான் பொருட்படுத்தவில்லை. கோப்புகளைச் சேமிக்கும் ஹார்டு டிஸ்க்கின் படிக்கும் முள், சுழலும் தட்டில் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்குப் போய் வரும் ஓசை அது என்பது, ஒருநாள் காலையில் கணினி எழுந்திருக்க மறுத்த பிறகுதான் தெரிந்தது. ஐந்து ஆண்டுகளாகத் தயாரித்து வைத்திருந்த வினாத்தாள்கள் போயின. அவற்றை மறுபடி தட்டச்சு செய்துகொள்ள முடிந்தது. திருக்கடையூரில் நடந்த அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களும் அதே டிஸ்க்கில்தான் இருந்தன. கேமரா கார்டை அதற்கு முன்பே அழித்துப் பயன்படுத்திவிட்டிருந்தோம். உறவினர்களின் செல்போன்களிலிருந்து தேடிப் பிடித்த பதினேழு படங்கள் மட்டுமே இன்று எங்களிடம் இருக்கின்றன.

அதனால்தான், கணினியில் நாள்காட்டியைப் பார்த்து மாற்ற வேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால் அது டிஸ்க் மட்டும்தான் என்று உறுதியாகச் சொல்கிறேன். புராசசர் மெதுவாக இருந்தால் நேரம்தான் வீணாகும். டிஸ்க் போனால் திரும்ப வாங்க முடியாதது போய்விடும். ஐந்து வயதைத் தாண்டிய டிஸ்க்கில் முக்கியமான எதையும் ஒற்றைப் படியாக வைத்திருப்பதில்லை என்பது இப்போது எங்கள் வீட்டு வழக்கம். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றுக்குப் படியெடுத்து, அதைக் கணினியோடு சேர்த்து வைக்காமல் பீரோவில் வைக்கிறோம்.

அடுத்த பதிவு 2020 ஜூன். ஊரடங்கில் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, எனக்கு ஆன்லைன் டியூஷன். கணினியை இயக்கிவிட்டுப் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாலும் அது தயாராகியிருக்காது. சர்வீஸ் செய்பவரிடம் காட்டியபோது, “அக்கா, இது ரொம்பப் பழைய மாடல், இனிமே தாங்காது. புதுசா ஒரு செட் போட்டுடலாம்” என்று 32,000 ரூபாய்க்குத் துண்டுச்சீட்டில் கணக்கெழுதிக் கொடுத்தார். அந்தப் பணம் கையில் இல்லாததால்தான், எங்கே தாமதம் என்று நானே பார்க்கத் தொடங்கினேன். எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் புராசசர் 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. ராம் 93, டிஸ்க் 100 என்று சிவந்து நின்றது. 4 ஜிபி ராம் நிரம்பிவிட்டதால், விண்டோஸ் மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கில் எழுதுவதும் எடுப்பதுமாகத் திணறிக்கொண்டிருந்தது.

அந்தத் திணறலுக்குக் காரணம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடக்கூடிய கணக்கு. ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும். முள் நகர்ந்து வரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் துண்டுகளை நொடிக்கு நூறு முறை எடுப்பதே அரிது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டோ நகரும் முள்ளோ கிடையாது என்பதால் அது அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்கிறது. 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், கூடுதலாக 4 ஜிபி ராமும் சேர்ந்து 5,000 ரூபாய்க்குள் முடிந்துவிட்டன. மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட கணினி 25 நொடியில் தயாரானதைப் பார்த்து மகள் கைதட்டினாள். அதன் பிறகு அந்த ஐ3 மேலும் ஐந்து ஆண்டுகள் உழைத்தது. இன்றைக்கும் யாராவது கணினி மெதுவாக இருக்கிறது என்றால், விலையை விசாரிக்கும் முன்பு டாஸ்க் மேனேஜரில் எது சிவந்திருக்கிறது என்று பாருங்கள் என்பதே என் முதல் பதில்.

கடற்கரை ஊரில் வேறொரு கணக்கும் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கும் தேவனாம்பட்டினத்துக் கடலுக்கும் அதிகத் தூரமில்லை. ஜன்னல் கம்பியில் இரண்டு ஆண்டுக்கொருமுறை பெயிண்ட் அடித்தாலும் துரு வந்துவிடுகிறது. கணினியின் விசிறி நாள் முழுவதும் உள்ளே இழுப்பதும் அதே காற்றுதான். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். 2022இல் ஒருநாள் திரை வராமல் வெறும் பீப் ஒலி மட்டும் கேட்டபோது ராமைக் கழற்றிப் பார்த்தேன். பொன்னிறப் பற்கள் மங்கி, இரண்டில் பச்சைப் புள்ளி பூத்திருந்தது. வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துத் திரும்பச் செருகியதும் கணினி ஓடிற்று. போர்டு போய்விட்டது என்று நினைத்து நான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் என்ன செலவாகியிருக்குமோ! போர்டில் கடிகாரத்தை ஓட வைக்கும், காசு போலிருக்கும் சிஆர்2032 பேட்டரியும் இப்படித்தான். அது தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும். பிறகு திறக்கும் தளங்களெல்லாம் பாதுகாப்பற்றவை என்று பிரவுசர் எச்சரிக்கும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழின் தேதியும் கணினியின் தேதியும் ஒத்துப்போகாததுதான் காரணம். அதற்குப் புதுக் கணினி தேவையில்லை.

இந்த ஊரில் பெட்டியைத் தரையில் வைக்கவும் கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூரின் கரையோரப் பகுதிகளில் புகுந்தது. நாங்கள் கேபிள்களைக் கழற்றிப் பெட்டியைப் பரணில் ஏற்றியிருந்தோம்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பேணிய போர்டை ஏன் மாற்றினேன் என்றால், அது ஓடாமல் போனதால் அல்ல. கணினியை இயக்கும் விண்டோஸ் 10க்கான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு விருப்பத்தின்பேரில் ஓராண்டு நீட்டிப்பு மட்டும் அப்போது அறிவிக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 11 என் புராசசரை ஏற்காது. இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும், ரகசியச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஆதரவு நின்ற அன்றே எதுவும் கெட்டுவிடாது என்பது உண்மைதான். ஆனால் புதிய பதிப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும்போது, அந்த ஓட்டை எங்கே இருந்தது என்பது உலகுக்கே தெரிந்துவிடுகிறது. அதே ஓட்டை பழைய பதிப்பிலும் இருந்தால், அங்கே அதை அடைப்பார் யாரும் இல்லை. வங்கிக் கணக்கும் மாணவர்களின் விவரங்களும் இருக்கும் கணினியில் அந்த நிலையை ஒரு நாள்கூட நான் விரும்பவில்லை. வேகக்குறைவு பொறுத்துக்கொள்ளக்கூடியது, இது அப்படிப்பட்டது அல்ல.

போர்டு மாறினால் புராசசரும் மாற வேண்டும், ஏனென்றால் புராசசர் அமரும் சாக்கெட் வேறு. பழைய டிடிஆர்3 வகை ராமின் வெட்டு, புதிய போர்டில் அடுத்த வகையான டிடிஆர்4க்கு உள்ள ஸ்லாட்டில் பொருந்தவே பொருந்தாது. இந்த மூன்றும் ஒரே குடும்பம் போல ஒன்றாகத்தான் வரும், ஒன்றாகத்தான் போகும். பெட்டியின் அளவோ 1995இல் வகுத்த ஏடிஎக்ஸ் தரத்தைப் பின்பற்றுவதால் புதிய போர்டின் திருகுத் துளைகள் பழைய பெட்டியில் அப்படியே அமர்ந்தன. எஸ்எஸ்டி, மானிட்டர், விசைப்பலகை, 2021இல் மாற்றிய எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பாகம்) எல்லாம் அப்படியே தொடர்கின்றன. எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்து எதையும் மாற்ற வேண்டியதில்லை. 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால் வீட்டு வேலைக்கு இன்னும் பல ஆண்டுகள் போதும்.

கழற்றிய போர்டையும் குப்பைக்கு அனுப்பவில்லை. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டு, புதுப்பாளையத்திலிருந்து வரும் மாணவன் ஒருவனுக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன. தமிழில் தட்டச்சு செய்யவும் பாடம் பார்க்கவும் அவனுக்கு அது தாராளமாகப் போதுமானதாக இருக்கிறது.

புதிய போர்டில் ராமுக்கு இரண்டு ஸ்லாட்கள் இருக்கின்றன. ஒன்றில் 8 ஜிபி போட்டிருக்கிறேன். இன்னொன்றைப் பொங்கலுக்கு நிரப்பலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் கடைசி மாதங்களில் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. டாஸ்க் மேனேஜரில் என் வேலைகளுக்கெல்லாம் சேர்த்து ராம் 70 சதவீதத்தைத் தாண்டவில்லை. இரண்டாவது ஸ்லாட்டில் உப்புக்காற்று படாமல் இருக்க ஒரு துண்டு டேப் ஒட்டி, அந்தத் தேதியையும் நோட்டில் எழுதி வைத்தேன்.