ஹென்றி பிளேக் போன பிறகு வந்த ‘மேஷ்’

‘மேஷ்’ தொடரை விரும்புகிற இரண்டு பேர் பேச உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே வழக்கில்தான் வந்து நிற்கும்: முதல் மூன்று சீசன்கள் மேலா, பிறகு வந்த எட்டு சீசன்கள் மேலா? 1972 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, 1983 பிப்ரவரி 28 அன்று நிறைவடைந்த இத்தொடர், கொரியப் போரின்போது போர்முனைக்குச் சற்றுப் பின்னால் கூடாரங்களில் இயங்கிய 4077 என்னும் நடமாடும் ராணுவ அறுவைச் சிகிச்சை மருத்துவமனையைக் களமாகக் கொண்டது. அந்தப் பதினொரு சீசன்களுக்குள் முக்கிய நடிகர்கள் நால்வர் விலகினார்கள். நகைச்சுவைத் தொடர்களில் ஒருவர் விலகினாலே ஆட்டம் கண்டுவிடுவதுதான் வழக்கம் என்பதால், முதல் அணியின் மேல் ரசிகர்கள் வைத்திருக்கும் பற்று எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனாலும், ஆட்கள் மாறிய பிறகு வந்த ‘மேஷ்’தான் என் மனத்துக்கு நெருக்கமானது, அதற்கான காரணங்களை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

1975 மார்ச் 18 அன்று ஒளிபரப்பான, மூன்றாம் சீசனின் இறுதி அத்தியாயத்திலிருந்துதான் இதைப் பேச வேண்டும். முகாமின் தலைவரான லெப்டினன்ட் கர்னல் ஹென்றி பிளேக்காக நடித்து வந்த மக்லீன் ஸ்டீவன்சன் தொடரை விட்டு விலக முடிவு செய்திருந்தார். கதையில் பிளேக்கின் பணிக்காலம் முடிகிறது. கேலியும் குடியுமாக ஒரு விடைபெறும் விருந்து நடக்கிறது. எல்லோரும் கட்டித் தழுவி வழியனுப்ப, ஹெலிகாப்டர் புறப்படுகிறது. வேறு எந்தத் தொடராக இருந்தாலும் அங்கேயே திரை விழுந்திருக்கும். இங்கே அடுத்த காட்சி அறுவை அரங்கில் தொடங்குகிறது. எழுத்தர் ரேடார் முகமூடிகூட அணியாமல் உள்ளே வந்து, பிளேக் சென்ற விமானம் ஜப்பான் கடலுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது என்றும் ஒருவரும் பிழைக்கவில்லை என்றும் கையிலிருக்கும் தாளைப் பார்த்துப் படிக்கிறார். மற்றக் காட்சிகள் எல்லாம் படமாக்கப்பட்ட பிறகே அந்தக் கடைசிப் பக்கம் பெரும்பாலான நடிகர்களின் கைக்கு வந்தது. கேமரா ஒவ்வொரு முகமாக நகர்கிறது. எங்கோ ஓர் அறுவைக் கருவி தரையில் விழும் ஓசை கேட்கிறது. யாரும் தையலை நிறுத்தவில்லை. நகைச்சுவை பார்க்க உட்கார்ந்தவர்களை இப்படி நோகடிக்கலாமா என்று கேட்டு நேயர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன.

அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த ஒரு நிமிடக் காட்சிதான் பின்னால் வந்த எட்டு சீசன்களையும் தாங்கி நிற்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு நடிகர் போனதும், போனவரைப் பற்றிய பேச்சையே எடுக்காமல், அதே நாற்காலியில் அதே குணத்தோடு இன்னொருவரை உட்கார வைத்துவிட்டுக் கதையைத் தொடர்வதுதான் தொலைக்காட்சியின் பழைய உத்தி. பிளேக்கின் மரணம் அந்த உத்திக்கு இடமே இல்லாமல் செய்துவிட்டது. இனி வரப்போகும் தலைவர், இறந்த ஒருவரின் இடத்துக்கு வருகிறவர் என்பது முகாமில் உள்ளவர்களுக்கும் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும்.

முகாமின் அறுவை மருத்துவர்களில் ஒருவரான டிராப்பர் ஜான் விஷயத்தில் இந்த நேர்மை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தொடரின் நாயகனான அறுவை மருத்துவர், ஆலன் ஆல்டா நடித்த ஹாக்கைக்கு இணையான பாத்திரம் என்ற எண்ணத்தில் டிராப்பராக நடிக்க வந்த வேய்ன் ராஜர்ஸ், நாளடைவில் தன் பாத்திரம் ஹாக்கையின் நிழலாகச் சுருங்கிவிட்டதால், அதே மூன்றாம் சீசனோடு விலகிக்கொண்டார். அவருக்கு விடைபெறும் காட்சி எடுக்க வாய்ப்பே அமையவில்லை. நான்காம் சீசனின் முதல் அத்தியாயத்தில், விடுப்பு முடிந்து டோக்கியோவிலிருந்து திரும்பும் ஹாக்கை, டிராப்பருக்கு ஊர் திரும்பும் உத்தரவு வந்துவிட்டதை அறிந்து கிம்போ விமான நிலையத்துக்கு ஜீப்பில் விரைகிறார். பத்து நிமிடத் தாமதத்தில் நண்பரைத் தவற விடுகிறார். ரேடார் மூலமாக ஒரு முத்தத்தைச் சொல்லி அனுப்பியதோடு டிராப்பரின் கதை முடிந்துபோகிறது. எழுத்தாளர்கள் வேறு வழியில்லாமல் எழுதிய காட்சிதான். ஆயினும் அந்தப் பத்து நிமிடம் தொடர் முழுவதும் ஹாக்கையைத் துரத்திக்கொண்டே இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அதே விமான நிலையத்தில்தான், டிராப்பரின் இடத்துக்கு, மைக் ஃபாரெல் நடித்த பி.ஜே. ஹன்னிகட் வந்து இறங்குகிறார். மடிப்புக் கலையாத சீருடை, ஒழுங்காக வாரிய தலை, வீட்டில் விட்டுவிட்டு வந்த மனைவியும் கைக்குழந்தையும். முகாமுக்குப் போகும் வழியில் குண்டு வீச்சில் சிக்கிய வீரர்களைப் பார்த்ததும், வைத்தியம் படித்த அந்த மனிதர் சாலையோரம் போய் வாந்தி எடுக்கிறார். மூன்று சீசன்களாக ரத்தத்தைப் பார்த்துப் பழகிப்போன ரசிகருக்கு, இதெல்லாம் முதல்முறை பார்க்கிற கண்ணுக்கு எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு காட்சி நினைவூட்டிவிடுகிறது. அத்தியாயம் முடியும்போது குடித்துத் தள்ளாடியபடி வந்து சேரும் பி.ஜே., முகாமின் தற்காலிகத் தலைவராக விறைத்து நிற்கும் ஃபிராங்க் பர்ன்ஸை, ஹாக்கை வைத்திருக்கும் பட்டப்பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார். காலையில் வந்த மனிதர் மாலைக்குள் அந்த இடத்தின் ஆளாகிவிடுகிறார். டிராப்பர் சேட்டையில் ஹாக்கையின் கூட்டாளி. பி.ஜே.யோ மனைவிக்குத் துரோகம் செய்யாமல் இந்தப் போரைக் கடந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் போராடுகிறவர். ஆகவே அவரோடு ஹாக்கைக்கு ஏற்பட்ட நட்பும் வேறு தரத்தில் அமைந்தது.

புதிய தலைவர் கர்னல் ஷெர்மன் போட்டராக வந்தவர் ஹாரி மார்கன். இவர் மூன்றாம் சீசனின் தொடக்கத்தில் ஒரே ஓர் அத்தியாயத்தில் சித்தம் கலங்கிய படைத்தலைவர் ஸ்டீலாக நடித்து வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவர். அதைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரப் பாத்திரத்துக்கு அவரை அழைத்தார்கள். பிளேக் விருப்பமின்றி ராணுவத்துக்கு இழுக்கப்பட்ட சிவிலியன் மருத்துவர். தலைமை என்பது அவருக்குப் பொருந்தாத சட்டை. போட்டர் முதல் உலகப் போரில் குதிரைப் படையில் இருந்த, ராணுவத்திலேயே வாழ்நாளைக் கழித்த மனிதர். இனி முகாமில் சிரிப்புக்கு இடமில்லை என்று ஹாக்கையும் பி.ஜே.யும் பயந்து கிடக்க, நீண்ட அறுவை வேலைக்குப் பிறகு அவர்களுடைய கூடாரத்துக்கே வந்து, அவர்கள் காய்ச்சிய சாராயத்தை வாங்கிக் குடித்துவிட்டு, போன போரில் தானும் சாராயம் காய்ச்சும் கருவி ஒன்று வைத்திருந்ததாகவும் அது வெடித்துத் தனக்குப் போரில் காயமுற்றோருக்கான பதக்கமே கிடைத்ததாகவும் சொல்கிறார். ஒரு தலைவரை மூத்தவர் என்றும் நண்பர் என்றும் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்ளும் தருணம் அது. மார்கனுக்கு 1980இல் இந்தப் பாத்திரத்துக்காக அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருது கிடைத்தது. அதே ஆண்டு ஜனவரியில் வந்த ஓர் அத்தியாயத்தில், முதல் உலகப் போரில் தன்னோடு இருந்த தோழர்களில் கடைசியாக மிஞ்சியவராகிவிட்ட போட்டர், அவர்கள் சேர்ந்து பாதுகாத்து வைத்திருந்த பிராந்தி பாட்டிலைத் திறந்து, இறந்தவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லிக் குடிக்கிறார். பிளேக் எவ்வளவு பிரியத்துக்குரியவராக இருந்தாலும் அந்தக் காட்சியை அவரை வைத்து எழுதியிருக்கவே முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் ஐந்தாம் சீசன் முடிவில் லாரி லின்வில் விலகியபோது வந்தது. ஃபிராங்க் பர்ன்ஸாக அவர் நடித்ததில் ஒரு குறையும் இல்லை. குறை எழுத்தில் இருந்தது: திறமை, நேர்மை, தைரியம் என எதுவுமே இல்லாத ஒருவரை ஹாக்கை எத்தனை முறைதான் மடக்குவது? அவருடைய காதலியாக இருந்த தலைமைச் செவிலி மார்கரெட்டும் வேறொருவரை மணந்துகொண்ட பிறகு பர்ன்ஸ் போக வேண்டிய திசையே இல்லாமல் போயிற்று. 1977 செப்டம்பரில் ஆறாம் சீசன் தொடங்கியபோது அந்தப் படுக்கைக்கு வந்தவர் டேவிட் ஆக்டன் ஸ்டியர்ஸ் நடித்த சார்லஸ் எமர்சன் வின்செஸ்டர்: பாஸ்டன் நகரத்துப் பெரிய குடும்பம், கிராமபோனில் மேற்கத்திய செவ்வியல் இசை, யாரையும் மூக்குக்குக் கீழே வைத்துப் பார்க்கும் பார்வை. ஆனால் கத்தியை எடுத்தால் ஹாக்கைக்குச் சமமான, சில வேளைகளில் மேலான கை. சீட்டாட்டத்தில் தன்னிடம் தோற்ற மேலதிகாரி கடனைத் தீர்க்காமல் இருக்க இங்கே தள்ளிவிட்டதாக அவருக்குத் தீராத மனக்குறை. எதிரணியில் இப்போது சொல்லுக்குச் சொல் திருப்பித் தருகிற, தோற்காத ஒருவர் நின்றதால் கேலியின் கூர்மையே ஒரு படி உயர்ந்தது.

வின்செஸ்டரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. எட்டாம் சீசனில் ஒரு வீரனின் காலைக் காப்பாற்றிவிட்டுப் பெருமிதத்தோடு நிற்கிறார். கையில் பட்ட காயம் அவர் கண்ணுக்குச் சிறியது. அந்த வீரனோ பியானோ கலைஞன். வலது கை இனிப் பழையபடி இயங்காது என்று தெரிந்ததும் அவன் உலகமே நின்றுபோகிறது. இடது கைக்கென்றே பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் இயற்றிய இசைக் குறிப்பைத் தேடி வரவழைத்து, அவனைப் பியானோ முன்னால் உட்கார வைத்து, என்னால் சுரங்களை வாசிக்க முடியும், இசையை உண்டாக்க ஒருபோதும் முடிந்ததில்லை என்ற பொருளில் வின்செஸ்டர் பேசுகிறார். அந்த அகந்தைக்கு அடியில் இவ்வளவு ஏக்கம் இருந்ததா என்று திடுக்கிட வைக்கும் இடம் அது. பதினோராம் சீசனில் திக்கிப் பேசும் ஒரு வீரனைக் கேலி செய்கிறவர்கள் மீது அவர் சீறுவதன் காரணம் கடைசிக் காட்சியில்தான் தெரிகிறது: தனியே உட்கார்ந்து, தங்கை ஹனோரியா பேசி அனுப்பிய ஒலிநாடாவைக் கேட்கிறார், அவளும் திக்கிப் பேசுகிறவள். பர்ன்ஸ் அங்கேயே நீடித்திருந்தால் இவற்றில் ஒன்றுகூட நமக்குக் கிடைத்திருக்காது.

1979 அக்டோபரில் ரேடாராக நடித்த கேரி பர்காஃப் விலகியதுதான் எனக்கு இன்றும் ஈடுசெய்ய முடியாத இழப்பாகப் படுகிறது. மாமா இறந்துபோக, அயோவாவில் இருக்கும் பண்ணையைப் பார்த்துக்கொள்ளத் தாய்க்குத் துணையாக ரேடார் ஊர் திரும்புகிறார். விடைபெறும் விருந்து காயமுற்றவர்கள் வந்து சேர்ந்ததால் நின்றுபோகிறது. அரங்கின் கதவு வழியாக அவர் எட்டிப் பார்க்க, கையுறையோடு நிற்கும் ஹாக்கை ஒரு சல்யூட் வைக்கிறார், அவ்வளவுதான். ரேடாரின் இடத்துக்கு எழுத்தாளர்கள் வெளியிலிருந்து ஆள் கொண்டுவராமல், ஜேமி ஃபாரின் கிளிங்கரையே எழுத்தராக்கினார்கள். ராணுவத்திலிருந்து தப்பப் பெண் உடை அணிந்து திரிந்த அந்தப் பாத்திரம் பொறுப்பை ஏற்று, திணறி, கற்று, தேறியதை அடுத்தடுத்த அத்தியாயங்களில் பார்க்கலாம். ரேடார் போன வலி அதோடு தீரவில்லை. ஊர் திரும்பும் வழியில் தன் குடும்பத்தைச் சந்தித்த ரேடாரைத் தன் குழந்தை அப்பா என்று கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டு, பி.ஜே. நொறுங்கிப்போய் ஹாக்கையையே அடித்துவிடும் அத்தியாயம் அடுத்ததாகவே வருகிறது. போனவரின் பெயரால் இருப்பவர்களின் கதை ஆழமானதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பிற்காலத் தொடர் மீது சொல்லப்படும் குறைகளில் உண்மை இல்லாமல் இல்லை. லாரி கெல்பார்ட் என்னும் எழுத்தாளர் நான்காம் சீசனோடு விலகிய பிறகு வசனத்தின் வேகம் குறைந்தது. சில அத்தியாயங்களில் ஹாக்கை உரையாற்றத் தொடங்கிவிடுகிறார். காலக் கணக்கும் ஒத்துவராது. 1952 செப்டம்பரில் வந்ததாகச் சொல்லப்பட்ட போட்டர், ஒன்பதாம் சீசனின் ஓர் அத்தியாயத்தில் 1951ஆம் ஆண்டு முழுவதும் முகாமில் இருக்கிறார். மூன்றே ஆண்டுகள் நடந்த போரைப் பதினொரு ஆண்டுகளுக்கு இழுத்தால் அப்படித்தான் ஆகும். ரசிகர்கள் இதைத் தோண்டி எடுத்து மகிழ்வதும் ரசனையின் ஒரு பகுதிதான். ஆனால் மக்கள் தொடரைக் கைவிட்டதாகச் சொல்வது தவறு. பர்ன்ஸ் போன பிறகு வந்த ஆறு சீசன்களும் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட முதல் பத்து நிகழ்ச்சிகளுக்குள் இருந்தன. இரண்டரை மணி நேர இறுதி அத்தியாயத்தைப் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

அந்த இறுதி அத்தியாயத்தில் பி.ஜே.க்கு விடைபெறும் சொல் வாயில் வரவே வராது. அதைச் சொன்னால் இனிச் சந்திக்கப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது போல மழுப்பிக்கொண்டே இருப்பார். ஹாக்கை அதற்காகக் கோபப்படுவார். ஹெலிகாப்டர் மேலெழும்போதுதான், தரையில் கற்களை அடுக்கி பி.ஜே. எழுதி வைத்த ‘குட்பை’ ஹாக்கையின் கண்ணில் படுகிறது. டிராப்பருக்காகப் பத்து நிமிடம் தாமதமாக ஓடிய மனிதருக்கு, எட்டு சீசன்கள் கழித்து இன்னொரு நண்பர் கொடுத்த பதில் அது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். டிராப்பர் விலகாமல் இருந்திருந்தால் அந்தக் கற்களுக்கு இந்தக் கனம் வந்திருக்காது.

இதனால்தான், புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், வின்செஸ்டர் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தையும் மீறி, நேராக ஆறாம் சீசனுக்குப் போக வேண்டாம் என்றே சொல்வேன். முதல் சீசன் சற்றே முரட்டுத்தனமாகத் தோன்றும், அதில் பெண்களைப் பற்றிய கேலிகள் சில இன்று முகம் சுளிக்க வைக்கும். இரண்டாம் சீசனில் தொடர் தன் குரலைக் கண்டுகொள்ளும். பிளேக்கோடு மூன்று சீசன்கள் பழகிவிட்டுப் போட்டரைச் சந்தியுங்கள். மூன்றாம் சீசனின் கடைசி அத்தியாயத்துக்கும் நான்காம் சீசனின் முதல் அத்தியாயத்துக்கும் இடையில் மட்டும் சில நாள் இடைவெளி விடுங்கள். 1975இல் பார்த்தவர்கள் மார்ச் முதல் செப்டம்பர் வரை காத்திருந்தார்கள்.