உப்பு பூக்கும் சுவர்கள்

ஆஸ்திரியாவில் ஏரிக்கரையில் உள்ள பழைய உப்புச் சுரங்க ஊர் ஹால்ஸ்டாட். அங்கே வேலை என்று சொன்னால் கேட்பவர் மனதில் உடனே அந்தப் புகைப்படம்தான் வரும். ஏரி, ஊசிக் கோபுரம் வைத்த தேவாலயம், மலைச்சரிவில் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கிற மர வீடுகள். என் வேலை அந்தப் படத்தில் விழாத இடத்தில் நடக்கிறது. பழைய கட்டடங்களில் தரையிலிருந்து இடுப்புயரம் வரை உள்ள சுவர்தான் என் பங்கு. காரை பொரிந்து உதிர்வதும் உப்பு பூப்பதும் அங்கேதான்.

வியன்னாவில் கல், காரை சீரமைப்பு படித்துவிட்டு ஒரு சிறிய குழுவில் சேர்ந்தேன். ஆஸ்திரியாவில் பாதுகாக்கப்பட்ட கட்டடம் ஒன்றில் எதை மாற்றுவதானாலும் உரிமையாளர் முதலில் நினைவுச்சின்ன அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். 1923-ல் வந்த சட்டம், பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடப்பில் இருக்கிறது. அனுமதி கேட்பதற்கு முன், சுவர் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்து எழுதித் தர ஆள் வேண்டும். அப்புறம் வேலையைச் செய்யவும் ஆள் வேண்டும். இரண்டுக்கும் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுவார்கள்.

ஹால்ஸ்டாட்டில் பாதுகாக்கப்பட்டவை என்றால் பெரிய பெயர்கள் சில முதலில் வரும். உப்புச் சுரங்கத்தைக் காக்க 1284-ல் மலைமேல் கட்டிய ருடால்ஃப் கோபுரம். லேயொன்ஹார்ட் ஆஸ்டல் செதுக்கிய, கதவுபோல் விரிந்து மூடும் பலிபீடம் உள்ள கத்தோலிக்கத் தேவாலயம். சந்தைச் சதுக்கத்தில் 1744-ல் நிறுத்திய திரித்துவத் தூண். இவற்றுக்கு நடுவே சாதாரண வீடுகளும் இருக்கின்றன. உள்ளே ஆட்கள் சமைக்கிறார்கள், துணி உலர்த்துகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். எனக்கு இந்த வீடுகள்தான் முக்கியம். கோபுரத்துக்கும் பலிபீடத்துக்கும் பணமும் கவனமும் எப்படியும் வந்துவிடும்.

இந்த ஊரில் இடம் என்பதே கிடையாது. முன்னால் ஏரி, பின்னால் பாறை. 1890 வரை கரையோரமாகச் சாலை இல்லை. ஊருக்குள் வர வேண்டுமென்றால் படகு, இல்லாவிட்டால் ஒற்றையடிப் பாதை. 1877-ல் ரயில் வந்தபோதுகூட எதிர்க்கரையில்தான் வந்தது. இன்றும் ரயிலில் வருபவர்கள் ஏரியைப் படகில் கடந்துதான் ஊருக்குள் நுழைகிறார்கள். சாமான்களோடும் கருவிப் பெட்டிகளோடும் அப்படி வந்து இறங்கும்போதெல்லாம், உப்பு மட்டும் இல்லையென்றால் இங்கே ஒருவரும் வீடு கட்டியிருக்க மாட்டார்கள் என்று தோன்றும். பல வீடுகளில் கீழ்ப்பகுதி கல், மேற்பகுதி மரம், பின்சுவர் பாறையோடு ஒட்டியே நிற்கும். மழைநீரும் பனி உருகிய நீரும் பாறையிலிருந்து நேரே சுவருக்குள் இறங்கும்.

ஈரம் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம், ஈரத்தோடு உப்பும் வருகிறது. மண்ணிலிருந்து வரும். எப்போதோ கீழ்தளத்தில் ஆடுமாடு கட்டியிருந்தால் அதன் மூத்திரத்திலிருந்து நைட்ரேட் வரும். தெருவில் பனி உருகப் போடும் உப்பும் சுவரின் காலில் தெறித்து ஏறும். கரைந்திருக்கும்வரை உப்பு ஒன்றும் செய்யாது. சுவர் காயும்போது அது காரைக்குப் பின்னால் படிகமாக இறுகுகிறது, இறுகும்போது காரையைத் தள்ளுகிறது. சமையல் உப்புக்குக் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் ஓர் எல்லைக்கோடு. அதற்கு மேலே போனால் கரைகிறது, கீழே வந்தால் படிகமாகிறது. ஏரிக்கரையில் காற்று அந்தக் கோட்டை ஒரே நாளில் தாண்டிப் போய்த் திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் சுவரில் கொஞ்சம் உடைகிறது.

நான் முதலில் செய்வது விரல் கணுவால் தட்டிப் பார்ப்பது. காரை கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தால் சத்தம் கெட்டியாக வரும். பிடி விட்டிருந்தால் பானையைத் தட்டியதுபோல் உள்ளீடற்று ஒலிக்கும். விட்ட இடங்களைச் சாக்குக் கட்டியால் வளைத்துக் குறிப்போம். பிறகு மெல்லிய துளை போட்டு, மேலே உள்ள தூள், கொஞ்சம் உள்ளே உள்ள தூள், இன்னும் ஆழத்தில் உள்ள தூள் என்று தனித்தனிச் சீசாக்களில் எடுப்போம். உப்பு எந்த ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். பல வீடுகளில் முந்தைய தலைமுறையில் யாரோ நல்ல எண்ணத்தோடு சிமென்ட் பூசி வைத்திருப்பார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் வழி தேடி மேலே ஏறும், இடுப்புயரத்தில் நின்றிருக்க வேண்டிய உப்பு தலைக்கு மேல் பூத்திருக்கும். அந்தச் சிமென்டைக் கல்லுக்கு நோகாமல் உளியால் எடுப்பதற்கே வாரக்கணக்கில் ஆகிவிடும்.

எடுத்த பிறகு சுவருக்குப் பற்றுப் போடுவோம். காகிதக் கூழும் களிமண்ணும் மணலும் உப்பில்லாத நீரில் குழைத்து, விரல் தடிமனில் அப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கூழ் காயக் காயச் சுவரிலிருந்து உப்பை இழுத்துக்கொள்ளும். உரித்தெடுக்கும்போது அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பது தெரியும். பிறகு மறுபடியும் ஒரு பற்று. கடைசியில் சுண்ணாம்புக் காரை. அதுவும் ஒரு நாள் உதிரும், உதிரட்டும் என்றுதான் பூசுகிறோம். உப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு அது போகும், கல் தப்பிக்கும். வீட்டுக்காரர்களிடம் இதை விளக்குவதுதான் கடினம். காசு கொடுத்துப் பூசுகிற பூச்சு உதிரத்தான் போகிறது என்றால் யாருக்குத்தான் மனம் ஒப்பும்?

காற்றின் ஈரம் அந்த எல்லைக்கோட்டைத் தாண்டித் தாண்டி வருவதுதான் சுவரை உடைக்கிறது என்பது ஒரு வேலையில் எனக்கு நன்றாகத் தெளிந்தது. ஒரே பாறையில் முதுகு சாய்த்து நின்ற இரண்டு வீடுகள், ஒரே காலத்தில் கட்டியவை, ஒரே மாதிரிக் கல். ஒன்றில் வயதான ஓர் அம்மா தனியாக இருந்தார். அவர் கணவரும் மாமனாரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். பக்கத்து வீடு வெளியூர்க்காரர்களுடையது, விடுமுறைக்கு மட்டும் வருவார்கள். உள்ளே எல்லாம் புதிதாக, சுத்தமாக இருந்தது. ஆனால் சுவரில் சேதம் அங்கேதான் அதிகம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஈரமானிகளை வைத்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. விடுமுறைக்காரர்கள் வந்ததும் வீட்டைச் சூடாக்குகிறார்கள், உப்பு படிகமாகிறது. திரும்பிப் போனதும் வீடு குளிர்கிறது, உப்பு கரைகிறது. அந்த அம்மாவோ குளிர்காலம் முழுவதும் தினமும் காலையில் ஓடு பதித்த அடுப்பில் இரண்டு மூன்று விறகு வைக்கிறார். பெரிய சூடு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அறையில் காற்று அந்தக் கோட்டைத் தாண்டுவதே இல்லை. உப்பு வெளியே வந்த இடத்தில் வந்தபடியே கிடக்கிறது.

இரண்டு வீடுகளிலும் ஈரம் ஏறி இறங்கிய வரைபடத்தை அவரிடம் காட்டினேன். “நான் இங்கே இருக்கிறேன், அவ்வளவுதானே? இதற்கு இத்தனை கருவியா வேண்டும்?” என்றார். ஆமாம் என்றேன். அறிக்கையிலும் அதையே எழுதினேன்.

மலைக்கு உள்ளே இதே உப்பு வேறு விதமாக நடந்துகொள்கிறது. சுரங்கத்தில் வெண்கலக் காலத்து மரப் படிக்கட்டு ஒன்று 2002-ல் கண்ணில் பட்டது. எட்டு மீட்டர் நீளம். மரத்தின் ஆண்டு வளையங்களை வைத்துப் பார்த்தால் அந்த மரங்களை வெட்டியது கி.மு. 1344-ல். ஐரோப்பாவில் கிடைத்த மிகப் பழைய மரப் படிக்கட்டு என்கிறார்கள். எனக்கு வியப்பு அதன் வயதில் இல்லை, செய்நேர்த்தியில்தான். பக்கக் கட்டைகளில் காடி வெட்டிப் படிகளைச் செருகியிருக்கிறார்கள். சரிவுக்கு ஏற்பப் படியைச் சாய்த்து, காலுக்கு மட்டமாக வைத்துக்கொள்ளலாம். கோடரி பட்ட தடம் நேற்றுப் பட்டதுபோல் இருக்கிறது. அந்தச் சுரங்கங்களிலிருந்து துணி, தோல், கயிறு எல்லாம் கெடாமல் கிடைத்திருக்கின்றன. மலத்தைக்கூட ஆராய்ந்து, இரும்புக் காலத்துத் தொழிலாளிகள் நீலப் பூஞ்சைப் பாலாடைக்கட்டியும் பீரும் சாப்பிட்டார்கள் என்று 2021-ல் வெளியிட்டார்கள். உள்ளே ஆண்டு முழுவதும் சுமார் 8 டிகிரி குளிர். வெயிலும் பனியும் எட்டாத இடம், உப்பு அங்கே அசையாமல் காவல் காக்கிறது. வெளியே லார்ச் மரச் செதிள் வேய்ந்த கூரையைச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அந்தப் படிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்த நாளிலிருந்து, ‘அடிக்கடி மாறாத நிலை’ என்று என் அறிக்கைகளில் எழுதும்போது அந்தச் சொற்களுக்கு வேறு கனம் வந்துவிட்டது.

மாற்றிக்கொண்டே காப்பது என்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1607-ல் இங்கிருந்து எபென்சே என்ற ஊர் வரை சுமார் 40 கிலோமீட்டருக்கு உப்புநீர்க் குழாய் போட்டு முடித்தார்கள். நீளவாக்கில் குடைந்த 13,000 மரத்தண்டுகளை ஒன்றோடொன்று செருகிய குழாய். மரத்தண்டு எத்தனை ஆண்டு தாங்கும்? மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். கோசாவ் பள்ளத்தாக்கைக் கடக்க 1757-ல் எழுப்பிய உயரமான கல் தூண்கள் இன்றும் நிற்கின்றன. மலையில் எடுத்த உப்புநீரும் இன்றுவரை எபென்சேவுக்குத்தான் போகிறது. அந்த மரத்தில் ஒன்றுகூட இப்போது அந்த வழியில் இல்லை. ஆனால் அந்த வழியும் வாட்டமும் வேலையும் இருக்கின்றன. இதைவிட நல்ல பாதுகாப்பு எது என்று எனக்குத் தெரியவில்லை.

எலும்பு இல்லத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாததால், புதைத்துச் சில ஆண்டுகள் கழித்து எலும்புகளை எடுத்து மிக்கேல் சிற்றாலயத்தில் அடுக்கினார்கள். சுமார் 1,200 மண்டையோடுகள், அவற்றில் 610-ல் ஓவியம். நெற்றியில் இலை வளையமோ பூ வளையமோ, பெயர், இறந்த ஆண்டு. குடும்பம் குடும்பமாக அடுக்கியிருக்கிறார்கள். பயணிகள் சிலர் உள்ளே வந்ததும் பயந்ததுபோல் பேசிக்கொள்வார்கள். பாட்டிக்குப் பக்கத்தில் பேத்தி இருக்கட்டும் என்று யாரோ பார்த்துப் பார்த்து வைத்த இடம் அது. 1983-ல் இறந்த ஒரு பெண்ணின் மண்டையோட்டை அவர் விருப்பப்படி 1995-ல் அங்கே வைத்தார்கள். அதுதான் கடைசி.

ஊரில் சுமார் 750 பேர்தான் இருக்கிறார்கள். கூட்டமான நாளில் பத்தாயிரம் பேர் வந்து போகிறார்கள். 2012-ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இந்த ஊரைப் பார்த்து இன்னொரு ஊரே கட்டினார்கள். 2023-ல் ஊர்க்காரர்கள் பேருந்துகளைக் குறைக்கச் சொல்லித் தெருவில் இறங்கினார்கள். நான் அவர்கள் பக்கம். பயணிகள் மீது கோபம் இல்லை. வாசலில் நாள் முழுவதும் கூட்டம் நின்றால் மனிதர்கள் வீட்டை விடுதியாக்கிவிட்டுப் போய்விடுவார்கள், போனால் அடுப்பு அணைந்துவிடும். சட்டம் சன்னலின் வடிவத்தைக் காக்கும், கூரையின் சாய்வைக் காக்கும். குளிர்காலக் காலையில் விறகு வைக்க ஓர் ஆளைச் சட்டத்தால் கொண்டுவர முடியாது. சுற்றுலாவில் வரும் காசில் ஒரு பங்கு, அங்கேயே குடியிருக்கிற உரிமையாளர்களின் சுவருக்கும் கூரைக்கும் நேரே போக வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசும் இடங்களில் எல்லாம் சொல்லிவருகிறேன். இந்த ஊரில் 1873 முதல் ஒரு மரவேலைப் பள்ளி நடக்கிறது. பிள்ளைகள் அங்கே தச்சும் மரச் சீரமைப்பும் படகு கட்டுவதும் படிக்கிறார்கள். கைத்தொழில் தெரிந்தவர்கள் ஊரிலேயே உருவாகிறார்கள். அவர்கள் குடியிருக்கத்தான் ஊரில் வீடு வேண்டும்.

அந்த இரண்டு வீடுகளிலும் காரை வேலையை உறைபனிக்கு முன் முடித்தாக வேண்டியிருந்தது. சுண்ணாம்பு காற்றை இழுத்து மெல்ல இறுகும், அதற்குள் உறைந்துவிட்டால் எல்லாம் வீண். ஈரச் சாக்கு போர்த்தி, காற்றையும் வெயிலையும் மறைத்து, செப்டம்பருக்குள் முடித்தோம். விடுமுறை வீட்டுக்காரர்களிடம், ஆள் இல்லாத நாட்களிலும் வெப்பத்தைக் குறைந்த அளவில் ஒரே சீராக ஓடவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம், சம்மதித்தார்கள். தெருப் பக்கச் சுவருக்கு ஒரு தீர்வு மீதி இருந்தது. பனிக்காலத்தில் அந்தச் சந்தில் உப்பு போடாமல் பொடிக்கல் தூவினால் போதும். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி, அந்த அம்மாவிடமும் ஒரு படி கொடுத்தேன். படித்துவிட்டு, தன் வாசலுக்கும் பக்கத்து வீட்டு வாசலுக்கும் சேர்த்துத் தானே தூவிவிடுவதாகச் சொன்னார்.