எல்கோ சாலையில் மோர்மன் கிரிக்கெட் படை

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் எல்கோ ஊர்ப் பக்கம் ஜூன் மாதம் கார் ஓட்டினால் ரோட்டின் நிறத்தில் ஒரு கண் இருக்கட்டும். செம்பழுப்பாய், ஈரமாய் ஒரு பட்டை தெரிந்தால் அது மழையில்லை, நசுங்கிய மோர்மன் கிரிக்கெட் என்ற வெட்டுக்கிளி மாதிரிப் பூச்சிகள். ஒன்று நசுங்கினால் அதைத் தின்ன நாலு வரும், அடுத்த டயரில் அவையும் நசுங்கும். வழுக்கல் இப்படித்தான் ஏறிக்கொண்டே போகிறது. சடன் பிரேக் கூடவே கூடாது. வேகத்தைக் குறைத்து, முன்வண்டிக்கு நிறைய இடைவெளி விடுங்கள். பைக்கில் போகிறவர்கள் வேறு வழி பார்ப்பது உத்தமம். ரொம்ப மோசமானால் பனி தள்ளும் வண்டியைக் கொண்டுவந்து வழித்து, மணல் தூவுகிறார்கள்.

சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஐ-80 நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 370 கி.மீ. போனால் எல்கோ. வழியில் வெஸ்ட் வெண்டோவர் ஊரைத் தாண்டியதும் நேர மண்டலம் மாறும், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள். 2023இல் எல்கோவில் வீட்டுச் சுவரெல்லாம் அப்பிக் கிடந்தன. எல்லா வருஷமும் அப்படி வராது என்பதால் கிளம்பும் முன் உள்ளூர்ச் செய்தியைப் பார்த்துவிடுங்கள்.

இந்தப் படையைப் பார்க்க விடிகாலையில் போய்ப் பயனில்லை. இரவெல்லாம் சேஜ்பிரஷ் புதர்களில் ஒண்டியிருக்கும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் இறங்கி நடக்கும். மேகம் மூடினால் நடை நின்றுவிடும். பறக்க வராது, ஆனாலும் நாளுக்கு 2 கி.மீ. வரை போய்விடும்.

புதரோரம் குந்தி ஒன்றை உற்றுப் பாருங்கள். கழுத்துக்குப் பின்னால் கேடயம் போல ஓர் ஓடு. ஆணுக்கு அதன் அடியில் குட்டைச் சிறகு, பாடுவதற்கு மட்டும். பெண்ணின் வால்பக்கம் வாள் போல நீண்டிருப்பது மண்ணில் முட்டையைச் செருகும் குழாய். கொடுக்கு என்று பயப்பட வேண்டாம். கூட்டத்தில் இருப்பவை கறுப்போ பழுப்போதான்; தனியாகத் திரிபவை பெரும்பாலும் பச்சை.

இவை நடப்பது புரதத்துக்கும் உப்புக்கும்தான். 2006இல் வெளியான ஆய்வில், புரதம் போதுமான அளவு கிடைத்தவை குறைவாகவே நடந்தன. புரதமும் உப்பும் கைக்கெட்டும் தூரத்தில், பக்கத்துப் பூச்சியின் உடம்பிலேயே இருக்கிறது. நின்றால் பின்னால் வருவது கடித்துவிடும். படை நகர்வதன் சூட்சுமம் இதுதான்.

நாயைக் கூட்டிப் போனால் கயிற்றை விடாதீர்கள். பூச்சிகளைக் கட்டுப்படுத்த கார்பரில் என்ற பூச்சிமருந்து கலந்த தவிட்டு இரை தூவியிருக்கலாம். தின்று செத்த பூச்சியை நாய் விழுங்கினால் வம்பு. ஊர் திரும்பியதும் ரேடியேட்டர் முகப்பையும் சக்கரக் குழிகளையும் அன்றைக்கே தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், காய்ந்தால் நாற்றமும் போகாது, சுரண்டினாலும் வராது.