பழைய பத்மினியின் பிரேக்கை மாற்றியமைத்த அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது 1970களின் பிற்பகுதியில் பம்பாயில் தயாரான பிரீமியர் பத்மினி. 1,089 சி.சி. பெட்ரோல் இன்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் என்று அக்கால அமைப்பு மாறாமல் அப்பா அதை வைத்திருந்தார். சத்தியமங்கலத்தில் குடியிருந்துகொண்டு தாளவாடியில் தோட்டம் பார்ப்பவர்களுக்குத் திம்பம் மலைப்பாதையும் அதன் 27 கொண்டை ஊசி வளைவுகளும் வாடிக்கையான வழி. ஏறும்போது இன்ஜின்தான் பாடுபடும். இறங்கும்போது, அதிலும் டிக்கியில் உருளைக்கிழங்கு மூட்டையும் பின்சீட்டில் ஆட்களும் இருக்கும்போது, மலையடிவாரத்திலுள்ள பண்ணாரி வந்துசேரும்வரை எல்லாப் பொறுப்பும் பிரேக்கின் மேல்தான். ஆட்களோடும் பாரத்தோடும் 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 12 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது வெப்பமாக வெளியேறியாக வேண்டும். இரண்டாவது கியரில் இறங்கினால் அதில் ஒரு பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் டிரம்முக்குள் சேரும்.

டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் கிண்ணம்; உள்ளிருந்து அதில் அழுந்தி வண்டியை நிறுத்துவது ஷூ. டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும். ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கின் உராய்வும் குறையும். பெடல் கீழே போய்க்கொண்டே இருக்க, வண்டி மட்டும் நிற்காது. இதைத் தவிர்க்க முன்சக்கரங்களுக்கு, சுழலும் தட்டை இருபுறமும் பேட்கள் பிடித்து நிறுத்தும் டிஸ்க் பிரேக் பொருத்த வேண்டும் என்பதே என் எண்ணமாக இருந்தது. கோபிசெட்டிபாளையத்தில் பழைய வண்டிகளையே பார்த்துவரும் மெக்கானிக் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் டிஸ்க்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. வண்டியைத் தூக்கி, ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிப் பார்த்தார். "பிரேக்கு புடிக்குதான்னு எல்லாருமே பாக்கறாங்க தம்பி. அது ஒழுங்கா விடுதான்னு மொதல்ல பாக்கோணுங்க" என்றார். இடது முன்சக்கரம் பெடலை விட்ட பிறகும் இறுக்கமாகவே சுற்றியது. சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஓஸின் உட்புறம் பல ஆண்டுகளில் உப்பி, மிதிக்கும்போது ஆயிலைப் போகவிட்டு, திரும்பி வரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. மலையில் டிரம் சூடேறியதற்கு இறக்கம் மட்டும் காரணமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஓஸைவிட என்னைக் கவலையில் ஆழ்த்தியது, பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். என் காரில் இருந்தது ஒற்றைச் சுற்று. அதாவது, ஒரே பிஸ்டன் நான்கு சக்கரங்களுக்கும் ஆயிலைத் தள்ளுகிறது. எங்கேனும் ஓர் ஓஸ் வெடித்தாலோ சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்று கசிந்தாலோ நான்கு சக்கரங்களிலும் பிரேக் ஒருசேரப் போய்விடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். அத்தகைய அமைப்பின் மேல் எவ்வளவு நல்ல டிஸ்க்கைப் பொருத்தினாலும் அந்த ஆபத்து அப்படியே இருக்கும். முன்சக்கரங்களுக்கு ஓர் அறை, பின்சக்கரங்களுக்கு ஓர் அறை என்று பிரிந்த இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை, டேண்டம் என்று கடைகளில் கேட்டு வாங்கும் அதை, முதலில் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தோம். பழைய காருக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்று யாரேனும் சொன்னால், டிஸ்க்கை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. பிரேக் வகைக்கென்று அந்தச் சான்றில் தனிக் கட்டம் இல்லை. ஆனாலும் 15 ஆண்டுகளைக் கடந்த சொந்தக் கார்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டுமென்பதால், என்ன செய்யப்போகிறேன் என்பதை ஆய்வாளரிடம் முன்கூட்டியே சொல்லி, ரசீதுகளை எல்லாம் பத்திரப்படுத்தினேன். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்தேன்.

முதலில் இருப்பதைச் சீராக்கினோம். பின்சக்கர டிரம்களை லேத்தில் கடைந்து, புதிய லைனிங்கை டிரம்மின் வளைவுக்குப் பொருந்தும்படி தேய்த்து ஒட்டினார்கள். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தே எடுக்கச் சொன்னேன். வீல் சிலிண்டர்களைப் பிரித்துக் கழுவும்போது பெட்ரோலோ மண்ணெண்ணெயோ படக்கூடாது. இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் உள்ளிருக்கும் ரப்பர் கப்புகள் உப்பிப் பாழாகும். புதிய பிரேக் ஆயிலாலேயே கழுவுவதுதான் சரி. பல பட்டறைகளில் இது கவனிக்கப்படுவதில்லை. வண்டிக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

டிஸ்க்குக்குக் கோயம்புத்தூர் உக்கடத்திலுள்ள பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினோம். தாராளமாகக் கிடைக்கும் சிறிய கார் ஒன்றின் டிஸ்க்கையும், பேட்களை அதன்மேல் அழுத்தும் கேலிப்பரையும் தேர்ந்தெடுத்தோம். நாளைக்கே பேட் தேய்ந்தாலும் எந்த ஊரிலும் வாங்க முடிய வேண்டும் என்பதுதான் காரணம். கேலிப்பரைப் பழையதாக வாங்கினாலும் பிஸ்டன், சீல் கிட், டிஸ்க், பேட் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்கினேன்.

அடுத்தது கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட். முழு வேலையும் இதன் மேல்தான் நிற்கிறது. பத்மினியில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலில் கேலிப்பரைப் பிடிக்க இடமில்லை. டிரம்மின் பின்தட்டு பூட்டப்பட்டிருந்த துளைகள் மட்டுமே உண்டு. பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையில், பம்ப் உதிரிபாகங்கள் செய்பவர்களிடம், அந்தத் துளைகளில் போல்ட்டால் இறுகும்படி கனமான எஃகுத் தகட்டில் ஒரு பிராக்கெட் செய்யச் சொன்னோம். முதலில் பிளைவுட்டில் ஒன்றை வெட்டி மாட்டிப் பார்த்து, சக்கரத்தின் உள்விளிம்புக்கும் கேலிப்பருக்கும் இடையே போதிய இடைவெளி இருப்பதை உறுதி செய்த பிறகே எஃகை வெட்டினார்கள். ஸ்டப் ஆக்சிலிலேயே வெல்டு வைத்துவிடலாம், செலவு குறையும் என்று வேறொரு பட்டறையில் சொன்னதை நான் ஏற்கவில்லை. அடித்து உருவாக்கிய இரும்பில் வெல்டிங் சூடு பட்ட இடம் எப்போது விரிசல் விடும் என்று வெளியிலிருந்து தெரியாது, அது உடைந்தால் சக்கரமே கழன்றுவிடும். போல்ட்டுகளும் 10.9 என்ற உறுதித் தரம் தலையில் பொறித்தவையாகவே இருக்க வேண்டும்.

டிஸ்க் பொருத்திய பின், அதன் பக்கவாட்டு ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்தார்கள். ஆட்டம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும்வரை டிஸ்க் அமரும் ஹப்பின் முகத்தை மீண்டும் கடைந்தார்கள். இதில் அவசரப்பட்டால் பின்னாளில் பெடல் துடிக்கும்.

மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவைத் தேர்ந்தெடுப்பதில் நிறைய யோசித்தோம். டிரம்மில் முன்னோக்கிய ஷூவைச் சுழலும் டிரம்மே இழுத்து இறுக்குவதால் காலுக்கு உதவி கிடைக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அழுத்தம் முழுவதும் காலிலிருந்தே வர வேண்டும். துளையைப் பெரிதாக்கினால் ஆயில் அதிகம் போகும், பெடல் உயரத்திலேயே பிடிக்கும். ஆனால் முக்கால் அங்குலத்தை 7/8 அங்குலமாக்கினால் பிஸ்டனின் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் கூடிவிடும், அதே அழுத்தத்தைப் பெற அந்த அளவுக்குக் கூடுதலாக மிதிக்க வேண்டும். மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பூஸ்டர் வைக்கக் காரின் உடற்பகுதியை வெட்ட வேண்டியிருந்தது. அப்பாவின் காரை வெட்ட எனக்கு மனமில்லை. எனவே முக்கால் அங்குலத்திலேயே நின்றோம். பெடல் சற்று இறங்கிப் பிடிக்கிறது, காலுக்குப் பாரமாக இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டர்களில் பெடலை விட்ட பிறகும் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் ரெசிடுவல் வால்வு இருக்கும். பின் டிரம்முக்கு அது தேவை. முன் டிஸ்க்குக்கு அதே வால்வு இருந்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், மலையில் எந்தச் சூட்டைத் தவிர்க்க இத்தனையும் செய்தோமோ அந்தச் சூடே திரும்ப வரும். முன் டிஸ்க், பின் டிரம் என்று அமைந்த காருக்குரிய சிலிண்டரைக் கேட்டு வாங்கியது இதனால்தான்.

குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாக வளைத்து, முனைகளை இரட்டை மடிப்பாக விரித்து ஃப்ளேர் செய்தார் மெக்கானிக். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, சக்கரத்தைத் தொங்கவிட்டும் ஏற்றியும், ஓஸ் டயரில் உரசவில்லை, இழுபடவில்லை என்று பார்த்த பிறகே ஆயில் ஊற்றினோம். கேலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும்; இடம் வலம் மாற்றிப் பொருத்தினால் அது கீழே போய்விடும், எத்தனை முறை மிதித்தாலும் காற்று வெளியேறாது. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி, அருகிலுள்ள வலது முன்சக்கரத்தில் முடித்தோம். ஊற்றியது டாட் 4 என்ற தரத்திலான பிரேக் ஆயில். புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய நிலைக்கான வரையறை 155. ஈரம் ஏறிய ஆயில் மலையில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொட்டுவிடும் என்பதால், தோற்றத்துக்கு நன்றாக இருந்தாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

ஆளரவமற்ற நேர்ச்சாலையில் விடிகாலையில் முதல் சோதனை. 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறைத்து, மீண்டும் ஏற்றி, இடையில் ஆறவிட்டு, பேட்டைப் படியவைத்தோம். சூடாக இருக்கும்போது நிறுத்திப் பெடலை மிதித்தபடி நிற்கக்கூடாது என்று மெக்கானிக் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு அழுத்தி மிதித்துப் பார்த்தோம்: முன்சக்கரங்கள் முதலில் சுழலாமல் பூட்டிக்கொள்ள வேண்டும், பின்சக்கரங்கள் முந்தினால் வண்டியின் வால் சுழலும். எங்களுக்கு முன்சக்கரமே முந்தியது. அதன் பின்னரே திம்பம். பாரத்தோடு இரண்டாவது கியரில் இறங்கி, பண்ணாரியில் நிறுத்தி, வெப்பமானியால் பார்த்தபோது இரு முன்சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தன. பெடல் மலை உச்சியில் இருந்த அதே உயரத்தில் இருந்தது.

செலவில் பெரும்பகுதி லேத் வேலைக்கே ஆனது. அதில் குறைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. டிஸ்க், பேட், சீல் கிட், மாஸ்டர் சிலிண்டர் ஆகிய ஒவ்வொன்றும் எந்தக் காருடையது, எந்தப் பாக எண், பிராக்கெட் போல்ட்டின் அளவு என்ன என்பதை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டு டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். வழியில் வேறொரு மெக்கானிக் இந்தக் காரைத் திறந்தால், பத்மினிக்குரிய பாகத்தைத் தேடி அவர் அலைய வேண்டியிருக்காது.